அட்டையில் இருப்பது யார் கால்?

அந்த இசைத்தட்டின் அட்டையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதிலுள்ள பாட்டு ஒன்றைக்கூடக் கேட்காதவர்களும் அட்டையைப் பார்த்திருப்பார்கள். பனியனில் அச்சடித்து விற்கிறார்கள், காப்பிக் கோப்பையில் போடுகிறார்கள், முடிதிருத்தும் கடைகளில் சட்டம் போட்டு மாட்டுகிறார்கள். ஒரு மொட்டை மாடி, கம்பிகளில் வரிசையாக வெள்ளைப் படுக்கை விரிப்புகள், பின்னால் கருத்த வானம். நடுவில் ஓர் ஆள். தலையிலிருந்து முழங்கால்வரை விரிப்பு மூடியிருப்பதால் முகம் தெரியாது. மேலே கம்பியை எட்டிப் பிடித்த ஒரு கை, கீழே கால்சட்டையின் விளிம்பு, இரண்டு பாதங்கள். இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு.

அந்த ஆள் யார் என்று ஒரு கூட்டமே ஆராய்ச்சி செய்கிறது. பாடகரே துணிக்குள் நின்றார் என்கிறார்கள் சிலர். முகமில்லாத மனிதன், நம் காலத்துத் தனிமையின் அடையாளம் என்று ஒருவர் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியிருக்கிறார். ஜோடி சேராத செருப்புகள், பிரிந்துபோன காதலர்களாம். படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன்.

அது என் அம்மா. மழை வருகிறதே என்று துணி எடுக்க ஓடியவள். அவ்வளவுதான் விஷயம்.

இதை நம்ப ஆளில்லை. வெளியாட்கள் நம்பாவிட்டால் போகிறார்கள், எனக்கொன்றும் நஷ்டமில்லை. எங்கள் வீட்டிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் அப்பா. அது தன் கால் என்கிறார். இன்னொருவர் மாமா, அம்மாவின் அண்ணன். அது தன் கால் என்கிறார். இருவரும் ஒரே கட்டிடத்தில் மேலும் கீழுமாகக் குடியிருந்து, ஒரே மேசையில் சாப்பிட்டு, ஒரே பத்திரிகையை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துப் படிக்கிறவர்கள். மற்ற எல்லாவற்றிலும் ஒத்துப்போவார்கள். அந்தக் கால் பேச்சு வந்தால் மட்டும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அம்மா நடுவில் உட்கார்ந்து இருவருக்கும் பரிமாறிக்கொண்டிருப்பாள்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறவர்களுக்குப் பக்கத்தில் நாள் முழுக்கச் சிரித்த முகமாக உட்கார்ந்திருப்பது என் பிழைப்பு. என்னிடம் இருக்கும் பொறுமையெல்லாம் அங்கேயே தீர்ந்துவிடுகிறது. இந்தக் கதையை நான் நிதானமாகச் சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

அம்மா கல்யாணத்துக்கு முன்பே சலவைக்கூடத்தில் சேர்ந்தவள். மாமா அங்கே வேலை பார்த்தார், தங்கையையும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். அப்பா அங்கே மாமாவின் கூட்டாளி. சம்பந்தம் அப்படித்தான் ஆனது. மருத்துவமனைகளின் விரிப்புகளும் தலையணை உறைகளும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். கீழ்த்தளத்தில் வெளுப்பு, நடு மாடியில் இஸ்திரியும் மடிப்பும், மொட்டை மாடியில் உலர்த்துவது. எல்லோருக்கும் ஒரே மாதிரி நீலச் சட்டை, நீலக் கால்சட்டை. ஆனால் வேலை வேறு. ஆண்கள் ஈரத்துணியைக் கூடையில் சுமந்து மாடிக்குக் கொண்டுபோய்க் காயப்போடுவார்கள். பெண்கள் மடிப்பு மேசையை விட்டு நகரக் கூடாது.

மாடிக்குப் பெண்கள் போகவே கூடாது என்பது அங்கே சட்டம். கைப்பிடிச் சுவர் தாழ்வு, ஒருமுறை ஒரு பெண் வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டாள் என்று மேற்பார்வையாளர் வைத்த சட்டம். அவர் கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும், அதனால் அவர் பெயரும் விசில்தான். மாடியில் எந்தப் பெண்ணைக் கண்டாலும் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அனுப்பியும் இருக்கிறார். சுவரை உயர்த்திக் கட்டினால் போச்சு என்று அந்த மனுஷனுக்கு ஏன் தோன்றவில்லையோ தெரியாது.

அம்மா மடிப்பு மேசையில் ராணி. இரண்டு பெண்கள் ஒரு விரிப்பின் நான்கு மூலைகளையும் பிடித்துக்கொண்டு எதிரும் புதிருமாக நடந்து வந்து சேர்ந்தால் விரிப்பு பாதியாகும், மறுபடி நடந்தால் கால்வாசி. இப்படியே நாளெல்லாம் நடப்பார்கள். அம்மாவுடன் ஜோடி சேரப் பலருக்குப் பயம். விரிப்பின் ஓரம் தரையில் பட்டுவிட்டால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பாளாம். நோயாளி படுக்கிற துணி, உன் வீட்டு மிதியடி இல்லை என்று. தனியாக மடிக்க நேர்ந்தால் ஒரு விளிம்பை மோவாய்க்கட்டையால் அழுத்திக்கொண்டு, துணியைத் தலைக்கு மேல் போட்டு, பின்பக்கமாகக் கையை விட்டு இழுப்பாள். ஓர் அங்குலம்கூடக் கீழே படாது. இன்றைக்கும் வீட்டில் அப்படித்தான் மடிக்கிறாள். சிறு வயதில் அதைப் பார்த்து, அம்மா பேய் வேஷம் போடுகிறாள் என்று கை தட்டுவேன்.

உருளை இஸ்திரி இயந்திரம் சுட்ட தழும்பு அவள் முழங்கையில் இருக்கிறது. ஆனால் அந்த வேலை அவளுக்கு விட்டுப்போன பெரிய வியாதி வேறு. மேகம் கூடினால் கொடியில் துணி கிடப்பதைப் பார்க்க அவளால் முடியாது. யார் வீட்டுத் துணி என்றெல்லாம் பார்க்க மாட்டாள். எங்கள் கட்டிடத்துக் கொல்லையில் கிடக்கும் அத்தனை வீட்டுத் துணியையும் எடுத்து, மடித்து, எங்கள் கூடத்து நாற்காலியில் அடுக்கிவிடுவாள்.

"என் துணிய யாரு எடுத்தது?" என்று எதிர்வீட்டுக்காரி கதவைத் தட்டுவாள்.

"மேகம் வந்துது, எடுத்தேன். மடிச்சு வெச்சிருக்கேன், கொண்டு போ."

"வெயில்ல கொளுத்துதேம்மா வெளியில!"

"அப்போ மேகம் போயிடுச்சு. அதுக்கு நான் என்ன பண்ண?"

இதனால் எங்களுக்கும் எதிர்வீட்டுக்கும் பேச்சுவார்த்தை அறுந்து அறுந்து ஒட்டும். என் பள்ளிக்கூடச் சீருடைக்குப் பதில் எதிர்வீட்டுப் பையனின் சட்டையைப் போட்டுக்கொண்டு போய் வகுப்பில் அவமானப்பட்டவள் நான்.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன்.

அன்றைக்குக் கால்பந்து இறுதி ஆட்டம். சலவைக்கூடத்துக்குப் பின்தெருவில் இருந்த டீக்கடையில் ரேடியோ வைத்திருந்தார்கள். அப்பாவும் மாமாவும் மாடி முழுக்க விரிப்புகளைக் காயப்போட்டுவிட்டு, வெயில் நன்றாகத்தான் அடிக்கிறது என்று முடிவு செய்து, பின்படி வழியாக நழுவிவிட்டார்கள். ஆட்டத்தின் நடுவில் வானம் கருத்தது. டீக்கடைக்குள் இருந்த இருவருக்கும் அது எங்கே தெரிகிறது? மடிப்பு மேசையின் ஜன்னலருகில் நின்ற அம்மாவுக்குத் தெரிந்தது. அண்ணனும் புருஷனும் எங்கே போயிருக்கிறார்கள் என்பதும் தெரியும். ஒரு மருத்துவமனையின் விரிப்புகள் மொத்தமும் நனைந்தால் இருவருக்கும் அன்றோடு வேலை போய்விடும். மாடிக்குப் போனால் தன் வேலை போய்விடும். அவள் மாடிக்குப் போனாள்.

மாடிப்படி முடியும் இடத்தில் மாடிச் செருப்புகள் கிடக்கும். தெருவில் மிதித்த செருப்பு மாடிக்கு வரக் கூடாது, துணி அழுக்காகும் என்பதற்காக அவரவருக்கு அங்கே தனியாக ஒரு ஜோடி. அப்பாவுடையது நீல வார். மாமாவுடையது வார் அறுந்து செப்புக் கம்பியால் முடிச்சுப் போட்டது. அவசரத்தில் அம்மா காலை நுழைத்துக்கொண்டது இதில் ஒன்று, அதில் ஒன்று. அத்தனை விரிப்பையும் ஓரம் தரையில் படாமல் தலைவழியாகப் போட்டு இழுத்து இழுத்து எடுத்தாள். மழை பிடித்துக்கொள்வதற்குள் எல்லாவற்றையும் படிக்கட்டுக்குள் சேர்த்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போலத் திரும்பி வந்து மேசையருகில் நின்றுகொண்டாள்.

எதிர்க் கட்டிடத்தில் ஒரு தங்கும் விடுதி. அங்கே அந்தப் பாடகரைப் படமெடுக்க ஒரு புகைப்படக்காரர் வந்திருந்தார். பாடகருக்குக் கடைவாய்ப் பல்லில் வீக்கம், கன்னம் உப்பிக் கிடந்தது. படமெடுக்க விடமாட்டேன் என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். வெறுங்கையோடு திரும்புவதா என்று புகைப்படக்காரர் ஜன்னல் வழியே தெரிந்ததை எடுத்தார். பல வருஷம் கழித்து ஒரு பேட்டியில் அவரே சொன்னது இது. "யாரோ ஒரு ஆள், துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்" என்று முடித்தார். காயப்போடவில்லை ஐயா, எடுத்துக்கொண்டிருந்தாள். இதைச் சொல்ல நான் அவர் முகவரியைத் தேடிப் பிடிப்பதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். என் அதிர்ஷ்டம் அப்படி.

இசைத்தட்டு வெளிவந்து சில மாதம் கழித்து விசில் அதைக் கையில் பிடித்துக்கொண்டு மடிப்புக்கூடத்துக்கு வந்தார். அட்டையில் இருந்த தண்ணீர்த் தொட்டியை வைத்து இது நம் மாடிதான் என்று கண்டுபிடித்திருக்கிறார். எல்லோரையும் வரிசையாக நிறுத்தி விசிலை ஊதினார்.

"யாரு இது? காலுக்கொரு செருப்ப மாட்டிக்கிட்டு, இந்த லட்சணத்துல நிக்கறது யாரு?"

 பொய் சொல்ல அம்மாவுக்கு வராது. வாயைத் திறக்கப் போனாள். அதற்குள் அப்பாவும் மாமாவும் ஒரே குரலாகச் சொன்னார்கள்.

"நான்தான் சார்."

கூடமே சிரித்தது. விசிலும் சிரித்துவிட்டார். அவர் கோபமாக வரவில்லை, பெருமையாகத்தான் வந்திருக்கிறார். தன் சலவைக்கூடம் ஊர் ஊராகப் போகிறதே என்ற பெருமை. யாராக இருந்தாலும் சரி என்று அட்டையைக் கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தார்.

அந்த ஒரு நொடியை அம்மா எத்தனை தடவை எனக்குச் சொல்லியிருப்பாள்! சொல்லும்போதெல்லாம் அவள் முகம் மலர்ந்துவிடும். "ரெண்டு பேரும் யோசிக்கவே இல்லடி. ஒரே நேரத்துல சொன்னாங்க. எனக்காக." நான் சும்மா இருப்பேனா? அவர்கள் டீக்கடையில் இருந்தது வெளியே வராமல் இருக்கவும் அந்தப் பொய் வசதியாக இருந்ததே என்பேன். "உனக்கு எல்லாத்துலயும் குத்தம்" என்று எழுந்து போய்விடுவாள்.

பிறகுதான் வினை வந்தது. பாட்டு பிரபலமானது, பாட்டைவிட அட்டை பிரபலமானது. அதைத் தேடி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வந்தவர்களிடம் அப்பா நீல வாரைக் காட்டினார். மாமா செப்புக் கம்பியைக் காட்டினார். இன்னொரு செருப்பு எப்படி வந்தது என்று கேட்டால், அவசரத்தில் மாறிப்போச்சு என்று இருவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். இருவர் படமும் வேறு வேறு பத்திரிகையில் வந்தது. டீக்கடைக்காரர் இருவரிடமும் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டார். விசில் வேலையில் இருக்கும்வரை அம்மா வாயைத் திறக்க முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு மேசையில் நின்றாள்.

விசில் ஓய்வு பெற்றார். சலவைக்கூடம் மூடப்பட்டது. இயந்திரங்களைக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். கடைசி நாள் வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள்:

"இனிமே யாருக்குப் பயப்படணும்? இனிமே சொல்லிடலாம்ல?"

அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "எதை?"

மாமாவிடம் கேட்டாள். மாமா "என்னத்தை?" என்றார்.

அம்மா அப்பா கழற்றிப் போட்ட சட்டையை எடுத்து மடித்து வைத்தாளாம். எனக்கென்றால் அந்த இடத்திலேயே ரத்தம் கொதித்திருக்கும். அன்று முதல் அவள் ஒரு சமாதானத்தைப் பிடித்துக்கொண்டாள். "பொய்ய நெறைய தடவ சொன்னா அதுவே ஞாபகமா ஆயிடும்டி. அவங்க வேணும்னு செய்யலை. நெஜமாவே மறந்துட்டாங்க, பாவம்." இந்தப் பாவத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கு வயிறு எரியும். ஒருநாள் அப்பாவை மடக்கப் பார்த்தேன்.

"அப்பா, அந்த ஃபைனல்ல கடைசி கோல் எப்படி விழுந்துச்சு?"

அவர் கண் பளபளத்தது. எழுந்து நின்று, யார் யாருக்குப் பந்தைக் கொடுத்தார்கள், வர்ணனையாளர் எந்த இடத்தில் தொண்டை அடைத்துக் கத்தினார் என்பதுவரை நடித்துக் காட்டினார்.

"அப்போ நீங்க ரேடியோ பக்கத்துல இருந்திருக்கீங்க. மாடியில இல்ல."

"மாடி வரைக்கும் கேக்கும். அப்படி ஒரு சத்தமா வெச்சிருந்தான் டீக்கடைக்காரன்."

இவரிடம் என்ன பேசுவது?

இந்த வருஷம் ரெக்கார்டு கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். அந்த இசைத்தட்டை மறுபடியும் வெளியிடுகிறார்களாம். அதே மாடியில், அதே மாதிரி ஒரு புதுப் படம் எடுத்து உள்ளே வைக்கப் போகிறார்களாம். அப்பாவும் மாமாவும் எங்கள் கூடத்தில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து அவரவர் காலை நீட்டிக் காட்டினார்கள். பெண்ணுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ரெண்டு பேரும் நில்லுங்க சார், ஆளுக்கு ஒரு கால்! செமயா இருக்கும்" என்றாள்.

"அது அவங்க ரெண்டு பேரும் இல்ல. எங்கம்மா" என்றேன் நான்.

அப்பா கூரையைப் பார்த்தார். மாமா இருமினார். அந்தப் பெண் என்னைப் பார்த்து, பிறகு காப்பித் தட்டோடு நின்ற அம்மாவைப் பார்த்து, குழந்தையிடம் பேசுகிற மாதிரி இனிமையாகச் சொன்னாள்.

"அப்படியா ஆன்ட்டி! நீங்களும் கண்டிப்பா வாங்க. ஓரமா நிக்க வெச்சு ஒரு படம் எடுத்துக்கலாம்."

ஓரமாக! தட்டை வாங்கி அவள் தலையில் கவிழ்த்துவிடலாமா என்று இருந்தது. அம்மா காப்பியைக் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

படமெடுப்பதற்கு முந்தின நாள், சாப்பிட உட்கார்ந்தபோது அம்மா பரிமாறவில்லை. தானும் உட்கார்ந்தாள். கரண்டியை மேசைமேல் வைத்தாள்.

"நாளைக்கு அவங்ககிட்ட என்ன வேணா சொல்லிக்குங்க. படத்துல நீங்களே நின்னுக்குங்க, எனக்கு ஒண்ணும் வேணாம். இங்க, இந்த மேசைல, ஒரே ஒரு தடவ சொல்லுங்க. அது நீதான்னு. எனக்கு அது போதும்."

அப்பா தண்ணீர்க் குவளையைத் தேடினார். அது அவர் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

"ஆரம்பிச்சுட்டியா தங்கச்சி" என்றார் மாமா. "சாப்பிடற நேரத்துல."

"உங்க ஞாபகத்துல இல்லன்னா பரவாயில்லண்ணே. என்னை நம்பி சொல்லுங்க. நான் பொய் சொல்வேனா?"

"சரி சரி, ஆறிடப் போகுது, போடு" என்றார் அப்பா.

அம்மா கரண்டியை எடுத்தாள். நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். கத்தினால் அப்பாவுக்கு ரத்த அழுத்தம் ஏறும் என்று அவளே என்னை அடக்கினாள். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

பழைய சலவைக்கூடம் இப்போது பார்சல் கிடங்கு. மாடியில் இரும்புக் கம்பங்கள் மட்டும் துருப்பிடித்து நிற்கின்றன. கம்பெனி ஆட்கள் அவற்றில் புதுக் கம்பி கட்டி, கடையில் வாங்கிய விரிப்புகளை மாட்டியிருந்தார்கள். நீல வார் ஒன்று, செப்புக் கம்பி முடிச்சு ஒன்று என்று செருப்புகளையும் தயாராக வைத்திருந்தார்கள். அம்மா நல்ல உடுப்பு உடுத்தி, குதி வைத்த செருப்புப் போட்டு வந்திருந்தாள். அவளைப் படிக்கட்டுக் கதவருகில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஓரமாகத்தான்.

அப்பா ஒரு காலில் நீல வாரையும், மாமா ஒரு காலில் செப்புக் கம்பியையும் மாட்டிக்கொண்டு ஒரே விரிப்புக்குள் நுழைந்தார்கள். உள்ளே சண்டை.

"தள்ளி நில்லு மச்சான், உன் வயிறு துருத்திக்கிட்டு நிக்குது."

"என் வயிறா? முதுக நிமித்துய்யா நீ."

"சார், பேசாம நில்லுங்க, துணி ஆடுது" என்று கத்தினான் கேமராக்காரன். எத்தனை தடவை எடுத்தும் இரண்டு கிழவர்கள் போர்வைக்குள் மல்லுக்கட்டுகிற மாதிரிதான் வந்தது. கொஞ்சம் இளைப்பாறலாம் என்று செருப்புகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, இருவரும் தண்ணீர்த் தொட்டியின் நிழலுக்குப் போய் டீ கேட்டார்கள்.

"மழ வருது" என்றாள் அம்மா.

யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கம்பெனிப் பெண் மட்டும் கைப்பேசியைப் பார்த்துவிட்டு, "ஆப்ல இன்னிக்கு மழையே இல்ல ஆன்ட்டி" என்றாள்.

அவள் சொல்லி வாய் மூடவில்லை, பெரிய பெரிய துளியாக விழுந்தது. கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டு கேமராக்காரன் படிக்கட்டுக்குள் பாய்ந்தான். பின்னாலேயே அந்தப் பெண், அவள் பின்னால் நான். அம்மா எங்களுக்கு எதிர்த்திசையில் ஓடினாள். குதிச் செருப்பை ஓடுகிற ஓட்டத்திலேயே உதறினாள். கீழே கிடந்த இரண்டு செருப்புகளில் காலை நுழைத்தாள். முதல் விரிப்பின் விளிம்பை மோவாயில் அழுத்தி, தலைவழியாகப் போட்டு, ஒரு கையால் கம்பியை எட்டிப் பிடித்தாள்.

நான் பனியனிலும் கோப்பையிலும் பார்த்துப் பார்த்துச் சலித்த படம் என் கண்ணெதிரில் நின்றது. முகமில்லை. ஒரு கை. இரண்டு கால்கள். 

தொட்டிக்கு அடியிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. நல்ல கோபத்தில் இருந்தார்.

"ஏய்! யாரு துணியோ நனையட்டும், விடு! அன்னிக்கும் இப்படித்தான், நாங்க இல்லாத நேரத்துல மேல ஓடி வந்து... வழுக்கி விழுந்திருந்தா என்னாயிருக்கும்?"

"செருப்பப் பாரு மாப்ள, செருப்ப!" என்று மாமாவும் சேர்ந்துகொண்டார். "அன்னிக்கும் இப்படித்தான், ஒண்ணு உன்னுது, ஒண்ணு என்னுதுன்னு மாட்டிக்கிட்டு வந்தா. இன்னும் புத்தி வரல இவளுக்கு."

விரிப்பு அசைவதை நிறுத்தியது.

அம்மா அதைத் தலையிலிருந்து மெல்ல இறக்கினாள். மழை அவள் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. தொட்டிக்கு அடியில் இருவரும் டீக் கோப்பையைப் பிடித்தபடி உறைந்துபோய் நின்றார்கள். என்ன சொல்லிவிட்டோம் என்று அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது.

"தெரியுமா?" என்றாள் அம்மா. "உங்க ரெண்டு பேருக்கும் தெரியுமா?"

"அது வந்து..." என்று இழுத்தார் அப்பா.

"இத்தன வருஷமும் தெரியுமா? மறந்துட்டாங்க, பாவம்னு நெனச்சேனே. உங்களுக்காக என் பொண்ணுகிட்ட எத்தன சண்ட போட்டேன்! நேத்து அந்த மேசைல கேட்டேனே, அப்பவும் தெரியுமா?"

"தங்கச்சி, மழ வலுக்குது, உள்ள போய்ப் பேசிக்கலாம்" என்றார் மாமா.

அம்மா கையிலிருந்த விரிப்பை மட்டும் மார்போடு சுருட்டிக்கொண்டாள். மற்றவை கம்பியில் நனைந்துகொண்டிருந்தன. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேகம் கூடியபின் ஒரு துணியை அவள் விட்டுவிட்டு வந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. படிக்கட்டுக்குள் வந்தாள். இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்டாள்.

"ஆன்ட்டி, அவங்க ரெண்டு பேரும் வெளியில..." என்று பதறினாள் அந்தப் பெண்.

"நனைஞ்சா என்ன? புழிஞ்சு காயப்போட்டுக்கலாம்."

கேமராக்காரன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.  அம்மா படியில் உட்கார்ந்து, விரிப்பை மடியில் போட்டு, விளிம்போடு விளிம்பைச் சேர்க்கப் பார்த்தாள். சேரவில்லை. நான் கீழ்ப்படியில் உட்கார்ந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கண்ணில் நீர் நின்றது. அது கோபத்தில் வந்த நீர் என்பது எனக்குத் தெரியும், எனக்கும் அப்படித்தான் வரும்.

கதவில் அடி விழுந்தது. முதலில் இரண்டு கை, பிறகு நான்கு கை.

"ஏம்மா, தொற! சளி பிடிக்கும்!" இது அப்பா.

 அம்மா விரிப்பைப் பாதியாக மடித்தாள்.

"சொல்லக் கூடாதுன்னு இல்ல. எல்லாரும் வந்து வந்து கேட்டாங்க, அப்படியே பழகிப்போச்சு. தொற!" இது மாமா.

கால்வாசியாக மடித்தாள்.

மழைச் சத்தம் வலுத்தது. பிறகு, கதவிடுக்கில் வாயை வைத்துச் சொல்கிற மாதிரி அப்பாவின் குரல் வந்தது.

"நீதான். அது நீதான். போதுமா?"

அவர் முடிப்பதற்குள் மாமாவும் சொன்னார். "ஆமா தங்கச்சி, நீதான்."

எனக்குத் தெளிவாகக் கேட்டது. அந்தப் பெண்ணுக்கும் கேட்டது, அவள் கையை வாயில் வைத்துக்கொண்டாள். அம்மாவுக்கும் கேட்டது. நான் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மடித்த விரிப்பை முழங்காலில் வைத்து, உள்ளங்கையால் ஒரு தடவை நீவிவிட்டாள். எழுந்து போய்த் தாழ்ப்பாளில் கையை வைத்தாள். திறக்கவில்லை.

"மழச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலை" என்றாள் கதவைப் பார்த்து. "அன்னிக்கு விசில்கிட்ட சொன்னீங்களே, அந்த மாதிரி ரெண்டு பேரும் ஒண்ணா சொல்லுங்க."